உயிர்த்த ஞாயிறு பாட்டுகளில் விடும் தவறுகள்

கொழும்பில் வசந்தம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஏப்ரலில் வெயில் கொளுத்தும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும், எங்கோ ஒரு மரத்தில் குயில் கூவும். பனி உருகி வசந்தம் வருவதைப் பாடும் ஆங்கில உயிர்த்த ஞாயிறு பாட்டுகளைப் பிள்ளைகளுக்கு அப்படியே பழக்காதீர்கள். குயிலும் மழையும் வரும் பாட்டென்றால் தாங்கள் கேட்டதையே பாடுவார்கள்.

வேகம்தான் மகிழ்ச்சி என்று நினைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. கீபோட்டில் பைலா தாளத்தைத் தட்டிவிட்டு ஓடத் தொடங்கினால், இரண்டாம் வரியிலேயே சனம் சொற்களை விழுங்கிவிடும். 1742 ஏப்ரல் 13இல் டப்ளினில் அரங்கேறிய, ஹேண்டல் இசையமைத்த 'மெசையா' என்ற பெரிய பாடற்படைப்பைக் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த அல்லேலூயாவோடு இரண்டாம் பகுதி முடிகிறது. அடுத்து 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்ற யோபுவின் சொற்களை ஒரே ஒரு குரல் நிதானமாகப் பாடுகிறது. எனக்கு அதில்தான் மகிழ்ச்சி கூட.

பிறகு சுருதி. உயிர்ப்புக்கு முந்திய சனி இரவு வழிபாடான திருவிழிப்பில் நற்செய்திக்கு முன் அல்லேலூயாவை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி உயர்த்திப் பாடுவோம். உற்சாகத்தில் முதலாவதையே உச்சத்தில் எடுத்தால், மூன்றாவதுக்குச் சனம் வாயை மூடிக்கொள்ளும். தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த சொல் அது, கோவிலே சேர்ந்து பாட வேண்டாமா? ஒத்திகையில் மூன்றாவதை முதலில் பாடிப் பாருங்கள். பின் வாங்கில் இருக்கும் அம்மாமாருக்கும் எட்டும் என்றால் சரி, அங்கிருந்து இரண்டு படி கீழே தொடங்கலாம்.

பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' கீதம் முடிந்ததும், திருவிழிப்பில் அது திரும்ப வரும்வரை வாத்தியம் பாட்டைத் தாங்க மட்டும்தான். இடையில் அமைதியாக இருக்கிறதே என்று கீபோட்டை மெல்ல வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த அமைதியைக் காத்தால்தான் சனி இரவு மணியும் கீதமும் சேர்ந்து எழும்போது உடம்பு சிலிர்க்கும்.

கை தட்டச் சொல்லி மைக்கில் வற்புறுத்துவதும் வேண்டாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. இந்த நகரத்தில் அந்தத் திருநாளில் அழுதுகொண்டே பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் விடுங்கள்.

ஞாயிறோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டவும் கூடாது. தூய ஆவியின் திருநாளான பெந்தகோஸ்தே வரை 50 நாள் பாஸ்கா காலம், அதாவது உயிர்ப்பைக் கொண்டாடும் காலம். கஷ்டப்பட்டுப் பழகிய பாட்டுகளில் இரண்டையாவது அடுத்த ஞாயிறுகளிலும் பாடுங்கள், அதற்குள் சனத்துக்கும் மெட்டுப் பிடிபட்டிருக்கும்.