ஸ்பானிஷில் 'யோசனை' சொல்வது எப்படி: இதேயாவா, பென்சமியெந்தோவா?

"எனக்கு ஒரு யோசனை" என்று நினைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் "தெங்கோ உன் பென்சமியெந்தோ" என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணம் சரிதான், ஆனால் கேட்பவருக்கு நெருடும். எண்ணம், யோசனை, கருத்து என்று அகராதியில் தேடினால் நாலைந்து சொற்கள் கலந்து கிடக்கும். அர்த்தத்தை மட்டும் பார்க்காமல், எந்தச் சொல் எந்த வினையோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீரும்.

படி 1: சந்தேகம் வந்தால் 'இதேயா'

அன்றாடப் பேச்சில் அதிகம் உதவுவது இதுதான். "எஸ் உனா புவேனா இதேயா" என்றால் நல்ல யோசனை. "நோ தெங்கோ நி இதேயா" என்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது. "கம்பியே தே இதேயா" என்றால் மனசை மாற்றிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது "சே மே ஒகுர்ரியோ உனா இதேயா". இதில் 'மே' என்பது நம்முடைய 'எனக்கு'. யோசனைதான் எழுவாய், அது எனக்குத் தோன்றியது. தமிழ் வாக்கியமும் இதே அமைப்புதான், அதனால் நமக்கு இது சுலபமாக வரும். இந்த வினையிலிருந்து வந்த 'ஒகுர்ரென்சியா' திடீரென்று உதிக்கும் யோசனையை, பெரும்பாலும் வேடிக்கையான ஒன்றைக் குறிக்கும்.

படி 2: மனதுக்குள் ஓடுவது 'பென்சமியெந்தோ'

'பென்சார்' என்றால் நினைப்பது. அந்த நினைப்பே பென்சமியெந்தோ. நாம் சொல்ல வந்ததை இன்னொருவர் முந்திச் சொல்லிவிட்டால் "மே லெயிஸ்தே எல் பென்சமியெந்தோ", அதாவது என் மனதில் இருந்ததைப் படித்துவிட்டாய். ஓர்தேகா இ காஸ்ஸெத் போன்ற தத்துவவாதியின் சிந்தனை முழுவதற்கும் இதே சொல்தான். அப்புறம், தோட்டத்தில் பென்சமியெந்தோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது பான்சி பூ.

படி 3: வரையறை சொல்ல முடிந்தால் 'கொன்செப்தோ'

பணவீக்கம், சுதந்திரம் போன்றவற்றை ஒரு கருத்தாக்கமாக விளக்கும்போது இதைப் போடுங்கள். தமிழர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நம் 'கருத்து' அபிப்பிராயத்தையும் குறிக்கும். "என் கருத்தில்" என்பதற்கு "என் மி ஒபினியோன்" என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே கொன்செப்தோ வராது. ஆனால் ஒருவரைப் பற்றிய மதிப்பைச் சொல்லும்போது வரும்: "தெங்கோ முய் புவேன் கொன்செப்தோ தே எல்லா", அவர்மேல் எனக்கு நல்ல மதிப்பு உண்டு.

படி 4: 'நொசியோன்'

மேலோட்டமான அறிவு. "தெங்கோ நொசியோனெஸ் தே ஃப்ரான்செஸ்" என்றால் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். "பெர்தி லா நொசியோன் தெல் தியெம்போ" என்றால் நேரம் போனதே தெரியவில்லை.

படி 5: ஆண்பாலா, பெண்பாலா?

எல் பென்சமியெந்தோ, எல் கொன்செப்தோ: முன்னால் வரும் 'எல்' ஆண்பாலைக் காட்டும். மற்றவை எல்லாம் பெண்பால், அவற்றுக்கு 'லா'.

சரி, இதை ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள்: "என் கருத்தில் இது நல்ல யோசனை, ஆனால் அந்தக் கருத்து எனக்குப் புரியவில்லை."

விடை: "என் மி ஒபினியோன், எஸ் உனா புவேனா இதேயா, பெரோ நோ என்தியெந்தோ எல் கொன்செப்தோ."