தேனீப் புழுக்களின் பாக்டீரியா நோயை ஆய்வகத்தில் ஆராயும் முறை

தேனீப் புழுக்களை அழிக்கும் பாக்டீரியா நோய்களில் இரண்டு முக்கியமானவை. பேனிபேசில்லஸ் லார்வே என்ற, ஸ்போர்களை (கடும் சூழலையும் தாங்கும் உறங்குநிலை வித்துகளை) உண்டாக்கும் பாக்டீரியாவால் வருவது அமெரிக்கப் புழு அழுகல் நோய். ஸ்போர் உண்டாக்காத மெலிசோகாக்கஸ் புளூட்டோனியஸால் வருவது ஐரோப்பியப் புழு அழுகல் நோய். தேனீப் பெட்டியிலிருந்து மாதிரி எடுப்பது தொடங்கி, ஆய்வகத்தில் வளர்க்கும் புழுக்களுக்கு நோயூட்டி முடிவைக் கணக்கிடுவது வரை, முதல் நோயை ஆராயும் முறையை இங்கே விளக்குகிறேன். இந்தச் சோதனை தோற்றுப்போவது பெரும்பாலும் பாக்டீரியாவைக் கையாள்வதில் அல்ல, புழுவின் வயதைக் கணிப்பதில்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவுக்கு ஏறத்தாழ 10 ஸ்போர்களே நோயுண்டாக்கப் போதும். 36 மணி நேரத்தைக் கடந்த புழுவோ பெரும்பாலும் தப்பிவிடும்.

பல நாடுகளில் இந்த நோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் உண்டு. ஆகவே மாதிரியை எடுக்கும் முன்பே உரிய அனுமதியைப் பெற்றுவிட வேண்டும். ஸ்போர்கள் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்த்திறன் குன்றாமல் இருக்கக்கூடியவை என்பதால், நோய்க்கிருமியைக் கையாளும் நாளில் நலமுள்ள தேனீக் குடும்பங்களின் பக்கம் போகக் கூடாது. பணிமேசையை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைப்பது ஸ்போர்களை ஒன்றும் செய்யாது, 0.5 விழுக்காடு சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலை 20 நிமிடமாவது மேற்பரப்பில் நிற்கவிட வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது, மூடிய புழு அறைகளில் மூடி உள்வாங்கி, நிறம் கறுத்து, சிறு துளையுடன் காணப்படுபவற்றைத் தேடுங்கள். அத்தகைய அறைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டு மெதுவாகக் கலக்கி வெளியே இழுத்தால், அழுகிய புழு பழுப்பு நிறக் கோழையாகக் குச்சியோடு ஒட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் நூலாக நீளும். நோய் முற்றியபின் அதே புழு காய்ந்து, அறையின் அடிச்சுவரோடு பெயர்க்க முடியாதபடி ஒட்டிய கருஞ்செதிலாகிவிடும். ஐரோப்பிய நோயில் புழு பெரும்பாலும் அறை மூடப்படும் முன்பே முறுக்கிக்கொண்டு மஞ்சளித்துச் சாகும். அதன் செதில் எளிதில் பெயர்ந்து வரும். இந்த வேறுபாடு பயனுள்ளதே என்றாலும், கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி முடிவெழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எடுத்த மாதிரியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை மேலோங்கிவிடும். உலர்ந்த காகிதத்தில் மடித்து அனுப்புவதே முறை.

ஆய்வகத்தில், செதிலை நுண்ணுயிர் நீக்கிய நீரில் கரைத்து, 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கினால் ஸ்போர் அல்லாத பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். பின்னர் நாலிடிக்சிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் சேர்த்த எம்.ஒய்.பி.ஜி.பி. அகார் என்ற வளர்ப்பூடகத்தில் பூசி, 5 முதல் 10 விழுக்காடு கார்பன் டையாக்சைடு உள்ள சூழலில் 37 டிகிரியில் வைத்தால் மூன்று முதல் ஆறு நாட்களில் சிறிய, வெண்மை கலந்த பாக்டீரியாக் கூட்டங்கள் தோன்றும். அந்த அமிலம் இல்லாவிட்டால், அழுகிய புழுவில் வழக்கமாகத் தொற்றிக்கொள்ளும் பேனிபேசில்லஸ் ஆல்வே தட்டு முழுவதும் பரவி, தேடுவதை மறைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு விட்டு நுரை வராததைப் பார்ப்பது ஒரு முதற்கட்டச் சோதனை. இறுதி உறுதி, டி.என்.ஏ.வைப் பெருக்கி அடையாளம் காணும் பி.சி.ஆர். மூலமே.

அடுத்து எந்த மரபு வகை என்று அறிய வேண்டும். எரிக் என்ற பி.சி.ஆர். முறையால் பிரித்தறியும் வகைகளில், எரிக் 1 வகை புழுக்களைக் கொன்று முடிக்க ஏறத்தாழ 12 நாட்களும், எரிக் 2 வகை ஏறத்தாழ 7 நாட்களும் எடுக்கின்றன. விரைவில் கொல்லும் எரிக் 2 தான் குடும்பத்துக்கும் பெரிய ஆபத்து என்று தோன்றலாம். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. அறை மூடப்படும் முன்பே செத்த புழுக்களைப் பணித் தேனீக்கள் கண்டுபிடித்து அகற்றிவிடுவதால் ஸ்போர் பெருகுவது தடைபடுகிறது; மூடிய அறைக்குள் நிதானமாகச் சாகும் புழுவிலோ கோடிக்கணக்கில் ஸ்போர்கள் விளைகின்றன. தனிப் புழுவில் கிடைத்த முடிவைக் குடும்பத்துக்கு அப்படியே பொருத்திப் பேசுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோயூட்டப் பயன்படும் ஸ்போர் கரைசலைக் கொலம்பியா ரத்த அகாரில் வளர்த்து எடுத்து, மீண்டும் 80 டிகிரியில் சூடாக்கி, பத்தில் ஒன்றாகப் படிப்படியாக நீர்த்து, தட்டில் பூசி எண்ண வேண்டும். அகாரில் முளைப்பவை ஸ்போர்களில் மிகச் சிறு பங்கே என்பதால் நுண்ணோக்கியில் காணும் எண்ணிக்கை தட்டில் காண்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டுரையில் தெளிவாக எழுதாவிட்டால், மற்றவர்களால் உங்கள் அளவோடு ஒப்பிட முடியாது.

புழுக்களைத் திரட்டுவதில்தான் பொறுமை வேண்டும். நோயற்ற மூன்று குடும்பங்களையாவது தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ராணியை வெற்று அடையின் மேல் கூண்டுக்குள் அடைத்து முட்டையிட விடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்க வேண்டாம். 12 மணி நேரமாகக் குறைத்தால் வயது வேறுபாடு இன்னும் சுருங்கும். முட்டையிட்ட மூன்றாம் நாள் புழுக்கள் வெளிவரும். அந்நேரத்தில் அறையின் அடியில் ஒரு துளிக் கூழில் மிதக்கும் புழு, ஒளியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியது. அதை ஊசியின் நுனியால் அடிப்பக்கமாக ஏந்தி, கூழோடு சேர்த்தே எடுத்து, 48 குழித் தட்டில் பொருத்திய ராணிக் கிண்ணத்தில் (ராணி வளர்ப்புக்கான சிறு பிளாஸ்டிக் கிண்ணம்), அறையில் மேலே இருந்த பக்கம் இங்கும் மேலேயே இருக்குமாறு இறக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் பக்கவாட்டுச் சுவாசத் துளைகள் உணவில் மூழ்கிப் புழு மூச்சுத் திணறிச் சாகும்.

உணவில் பாதி, பணித் தேனீக்கள் சுரக்கும் அரசக்கூழ். மீதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், ஈஸ்ட் சாறு கலந்த நீர். இரு சர்க்கரைகளில் ஒவ்வொன்றின் அளவையும் முதலில் ஆறு விழுக்காட்டில் தொடங்கி, புழு வளர வளர ஒன்பது வரை உயர்த்துவது வழக்கமான முறை. முதல் நாள் 20 மைக்ரோலிட்டர், இரண்டாம் நாள் எதுவும் இல்லை, பின்னர் 20, 30, 40, 50 என ஆறாம் நாள் வரை தர வேண்டும். ஸ்போர்களை முதல் நாள் உணவில் மட்டும் கலக்குங்கள். வாங்கிய அரசக்கூழில் ஆன்டிபயாடிக் எச்சமோ, அதே நோயின் ஸ்போரோ இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதிய தொகுதியையும் முன்கூட்டியே தட்டில் பூசிப் பார்க்க வேண்டும். இன்குபேட்டர் 34.5 முதல் 35 டிகிரியிலும், புழுப் பருவத்தில் ஈரப்பதம் 95 விழுக்காடு அளவிலும், கூட்டுப்புழுவானபின் 80 அளவிலும் இருக்க வேண்டும். பொட்டாசியம் சல்ஃபேட்டின் தெவிட்டிய கரைசல் முதல் அளவையும், சாதாரண உப்பின் தெவிட்டிய கரைசல் இரண்டாவதையும் ஓரளவு தானாகவே காத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும், நோயூட்டிய, நோயூட்டாத என ஒவ்வொரு சோதனைப் பிரிவுக்கும் குறைந்தது 12 புழுக்கள் வேண்டும். நோயூட்டாத பிரிவுக்குத் தனித்தட்டும், இயன்றால் தனி இன்குபேட்டரும் ஒதுக்கி, நாள்தோறும் அதற்கே முதலில் உணவளித்து, நோயூட்டிய தட்டைக் கடைசியில் தொட வேண்டும். தினமும் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து, சுவாச அசைவோ உடலின் விறைப்போ இல்லாத புழுவை இறந்ததாகக் கொண்டு அகற்றுங்கள். முதல் 24 மணி நேரச் சாவு ஊசி பட்ட காயத்தால் இருக்கலாம். அதை எல்லாப் பிரிவுகளிலும் ஒரே விதியின்படி கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதன்பின் இறந்த ஒவ்வொரு புழுவையும் அகாரில் பூசி, அதே பாக்டீரியா வளர்ந்தால் மட்டும் நோய்ச் சாவாக எண்ணுங்கள். எரிக் 1 வகையானால் குறைந்தது 14 நாட்கள் கவனித்தாக வேண்டும். ஆறாம் நாளோடு நிறுத்தினால் கொடிய வகையைச் சாதுவென எழுதிவிடுவோம்.

வேதிப்பொருட்களைப் புழுக்களில் சோதிப்பதற்கென 2013-இல் வெளியான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டி 237, நோயூட்டாத பிரிவில் நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை 15 விழுக்காட்டுக்கு மேல் சாவு இருந்தால் சோதனை செல்லாது என்கிறது. நோய் ஆய்வுக்கும் அதே வரம்பை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தொகுதியைத் திருத்திச் சேர்க்க முயலாமல் விட்டுவிடுவதே நேர்மை. கணக்கிடும்போது நாள்தோறும் எத்தனை பங்கு புழுக்கள் உயிரோடு உள்ளன என்று காட்டும் காப்லான்–மையர் உயிர்வாழ்வு வளைவுகளை வரைந்து, சாவு அபாயத்தைப் பிரிவுகளுக்கிடையே ஒப்பிடும் காக்ஸ் என்ற புள்ளியியல் மாதிரியை, குடும்பத்தைத் தனிக் காரணியாகச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஒரே ராணியின் 36 புழுக்களை 36 தனிச் சோதனைகளாகக் கருதுவது இத்துறையில் அடிக்கடி காணும் பிழை.

முடிந்தபின் தட்டு, கிண்ணம், எஞ்சிய உணவு அனைத்தையும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) குறைந்தது 30 நிமிடம் வைத்து எரித்துவிட வேண்டும். பிரித்தெடுத்த பாக்டீரியாவை மட்டும் கிளிசரால் கலந்து, மரபு வகையும் மாதிரி எடுத்த நாளும் எழுதி, மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள்.