கிரிப்டோ நாணயத்தை எடைபோடுவது எப்படி: விலைக்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள்

கிரிப்டோகரன்சியில் முதன்முறையாகப் பணம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, எந்த நாணயம் ஏறும் என்பதுதான். அதற்கு உறுதியான பதில் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. ஆனால் விடை கிடைக்கக்கூடிய கேள்விகள் சில உண்டு: அந்த நாணயம் மொத்தம் எத்தனை இருக்கிறது, இனி எத்தனை வரப்போகிறது, இப்போது யார் கையில் குவிந்திருக்கிறது, நாம் விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருப்பார்களா? இவற்றுக்கான தகவல்களில் பெரும்பகுதி பொதுவெளியில் இலவசமாகவே கிடைக்கிறது. பொறுமையாகத் தேடினால், சந்தையில் உள்ள ஆயிரக்கணக்கான நாணயங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளிலேயே கழிந்துபோகும். புதிதாக வருபவருக்குத் தேர்ந்தெடுப்பதைவிடக் கழித்துக்கட்டுவதே முக்கியமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விலை என்ற எண்ணின் மீதுள்ள மயக்கத்தை விட வேண்டும். ஒரு நாணயம் 0.00001 டாலருக்குக் கிடைக்கிறது என்றால் அது மலிவு என்று பொருளில்லை. விலையைப் புழக்கத்தில் உள்ள எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது மார்க்கெட் கேப் எனப்படும் சந்தை மதிப்பு. ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஷிபா இனு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உருவாக்கப்பட்டவற்றில் சுமார் 41 விழுக்காடு அழிக்கப்பட்ட பிறகும் ஏறத்தாழ 589 லட்சம் கோடி நாணயங்கள் எஞ்சியிருக்கின்றன. அது ஒரு டாலரைத் தொட வேண்டுமானால் அதன் சந்தை மதிப்பு 589 லட்சம் கோடி டாலராக வேண்டும். உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் செய்யும் மொத்த உற்பத்தியின் மதிப்பே அதைவிடப் பல மடங்கு குறைவு. "ஒரு டாலர் ஆகிவிட்டால் நாம் கோடீஸ்வரர்" என்ற பேச்சை இந்த ஒற்றைப் பெருக்கல் முடித்துவைத்துவிடும்.

அடுத்தது, இனி வரப்போகும் எண்ணிக்கை. பிட்காயினில் இது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. 2009-இல் ஒவ்வொரு பிளாக்குக்கும் (பரிவர்த்தனைகளின் பதிவுத் தொகுப்பு) 50 பிட்காயின் என்று தொடங்கிய வெளியீடு, 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. எத்தீரியத்துக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து பரிவர்த்தனைக் கட்டணத்தின் ஒரு பகுதி நிரந்தரமாக அழிக்கப்படுவதால் புதிய வரவு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. டோஜ்காயினில் ஆண்டுதோறும் சுமார் 500 கோடி புதிய நாணயங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். வரம்பு இல்லை என்பது மட்டுமே ஒரு நாணயத்தைத் தள்ளிவிடப் போதுமான காரணமல்ல. ஏற்கெனவே உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு கூடுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

உண்மையான ஆபத்து புதிதாக வெளியிடப்படும் டோக்கன்களில், அதாவது பெரும்பாலும் வேறொரு வலையமைப்பின் மீது உருவாக்கப்படும் நாணயங்களில், இருக்கிறது. அதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டோக்கனின் விலை 2 டாலர். மொத்தம் 100 கோடி டோக்கன்கள். ஆனால் இப்போது புழக்கத்தில் இருப்பவை 10 கோடி மட்டுமே. சந்தை மதிப்பு 20 கோடி டாலர் என்று பட்டியலில் தெரியும். மீதி 90 கோடி டோக்கன்கள் நிறுவனர்களுக்கும் தொடக்க முதலீட்டாளர்களுக்கும் ஒதுக்கப்பட்டு, 36 மாதங்களில் சமமாக விடுவிக்கப்படும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதந்தோறும் 2.5 கோடி டோக்கன்கள் வெளிவரும். முதல் மாதத்திலேயே புழக்கம் 25 விழுக்காடு பெருகிவிடும். பெற்றவர்கள் அனைவரும் விற்கத் தீர்மானித்தால், விலை 2 டாலரிலேயே நிற்பதற்கு மட்டும் மாதம் 5 கோடி டாலர் புதிய பணம் உள்ளே வர வேண்டும். அவர்கள் அந்த டோக்கன்களை மிகக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெற்றிருப்பதால், பாதி விலைக்கு விற்றாலும் அவர்களுக்கு லாபம்தான். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குபவர், அவர்கள் வெளியேறுவதற்கான வழியாக மாறிவிடுகிறார்.

இதற்குத் தேவையான எண்கள் காயின்மார்க்கெட்கேப், காயின்கெக்கோ போன்ற தளங்களில் ஒவ்வொரு நாணயத்தின் பக்கத்திலும் இருக்கும். புழக்கத்தில் உள்ள எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கை, உச்சவரம்பு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுடன் எஃப்.டி.வி. (FDV) என்ற மதிப்பும் காட்டப்படும். எல்லா டோக்கன்களும் வெளிவந்துவிட்டதாகக் கொண்டு இன்றைய விலையில் கணக்கிட்ட மதிப்பு அது. சந்தை மதிப்பைப்போல் அது பல மடங்கு இருந்தால், விடுவிப்பு அட்டவணையைத் தேடிப் படிக்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்க வேண்டாம். அந்தத் திட்டத்தின் ஆவணங்களில் அட்டவணையே இல்லையென்றால் அந்த நாணயத்தை அங்கேயே கழித்துவிடலாம்.

யார் கையில் குவிந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதும் எளிதே. எத்தீரியத்தின் மீது இயங்கும் டோக்கன்களுக்கு ஈதர்ஸ்கேன் தளத்தில் டோக்கனின் பக்கத்தைத் திறந்து, ஹோல்டர்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால், அதிகம் வைத்திருக்கும் முகவரிகள் விழுக்காட்டுடன் வரிசையாகத் தெரியும். முதல் முகவரியிலேயே 30 விழுக்காடு இருப்பதைக் கண்டதும் பதற வேண்டியதில்லை. அது ஓர் எக்ஸ்சேஞ்சின் (நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) வாலட்டாகவோ (நாணயங்களை வைத்திருக்கும் கணக்கு) பூட்டிவைக்கப்பட்ட ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டாகவோ (தானே இயங்கும் நிரல்) இருக்கலாம், பெரும்பாலும் அதன் பெயர் முகவரிக்கு அருகிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். பெயரில்லாத தனி வாலட்டுகள் ஐந்தாறு சேர்ந்து பாதிக்கு மேல் வைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அவர்களில் ஒருவர் விற்றாலே விலை சரியும்.

இந்த எண்களெல்லாம் சரியாக இருந்தாலும், நாணயம் எதற்காக இருக்கிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. திட்டத்தை உருவாக்கியவர்கள் வெளியிடும் வெள்ளை அறிக்கையைப் படிக்கும்போது தொழில்நுட்பச் சொற்களில் தொலைந்துபோகாமல் ஒன்றை மட்டும் தேடுங்கள்: இந்த நாணயத்தை யார், எந்தத் தேவைக்காக வாங்கியே ஆக வேண்டும்? எத்தீரியத்தில் ஒரு பரிவர்த்தனை செய்யக் கட்டணத்தை அதன் நாணயமான ஈதரில்தான் செலுத்த வேண்டும். வலையமைப்பைப் பயன்படுத்துவோர் இருக்கும்வரை அந்தத் தேவையும் இருக்கும். சேவை நன்றாக நடந்தாலும் டோக்கனுக்கு அதில் எந்த வேலையும் இல்லாத திட்டங்கள் ஏராளம். அங்கே சேவையின் வெற்றி டோக்கன் வைத்திருப்பவருக்கு வந்து சேராது.

வட்டி தருவதாகச் சொல்லும் திட்டங்களை இன்னும் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும். டெர்ரா வலையமைப்பில் யூ.எஸ்.டி. (UST) என்ற ஸ்டேபிள்காயினை (ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்க வடிவமைக்கப்பட்ட நாணயம்) ஆங்கர் என்ற கடன் திட்டத்தில் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி தரப்பட்டது. கடன் வாங்கியவர்கள் கொடுத்த தொகை அதற்குப் போதவில்லை; இருப்பிலிருந்து எடுத்தே ஈடுகட்டினார்கள். 2022 மே மாதத்தில் அந்த ஸ்டேபிள்காயின் ஒரு டாலர் மதிப்பிலிருந்து நழுவியபோது, அதைத் தாங்குவதற்காக அதே வலையமைப்பின் லூனா நாணயங்கள் கட்டுப்பாடின்றி உருவாக்கப்பட்டன. சுமார் 35 கோடியாக இருந்த அவற்றின் எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தொட்டது. 80 டாலர் அளவில் இருந்த விலை ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. வட்டி யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு ஆபத்து முன்பே தெரிந்திருக்கும். எக்ஸ்சேஞ்சுகள் தாமே வெளியிடும் டோக்கன்களிலும் இதே கவனம் வேண்டும். எஃப்.டி.எக்ஸ். (FTX) என்ற எக்ஸ்சேஞ்சின் எஃப்.டி.டி. (FTT) டோக்கன் அதன் சகோதர நிறுவனத்தின் சொத்தாகவே பெருமளவில் கணக்குக் காட்டப்பட்டது. 2022 நவம்பரில் நிறுவனம் விழுந்தபோது டோக்கனும் உடன் விழுந்தது.

சொந்த பிளாக்செயின் (பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுக் கணக்கேடு) உள்ள நாணயம் என்றால், அந்த வலையமைப்பைத் தாக்குவதற்கு எவ்வளவு செலவாகும் என்பது முக்கியம். எத்தீரியத்திலிருந்து வேறான எத்தீரியம் கிளாசிக் 2020 ஆகஸ்டில் மட்டும் மூன்று முறை 51 விழுக்காட்டுத் தாக்குதலுக்கு (வலையமைப்பின் கணிப்பாற்றலில் பாதிக்கு மேல் கைப்பற்றிப் பதிவுகளை மாற்றி எழுதுவது) உள்ளானது. புகழ்பெற்ற பெயரைப் பகிர்ந்துகொண்டிருப்பது வலையமைப்புக்குப் பாதுகாப்பைத் தந்துவிடவில்லை.

இப்போது விற்பனைக்கு வருவோம், ஏனெனில் இதைப் பலரும் கடைசிவரை நினைப்பதேயில்லை. 2021 நவம்பரில் ஸ்குவிட் என்ற டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறி, நிமிடங்களில் பூஜ்யத்தை நெருங்கியது. ஏறிக்கொண்டிருந்தபோதே வாங்கியவர்களால் அதை விற்க முடியவில்லை. விலை வரைபடம் மட்டும் அழகாக இருந்தது. ஆகவே வாங்குவதற்கு முன் எக்ஸ்சேஞ்சில் ஆர்டர் புக்கைத் திறந்து, வாங்கக் காத்திருப்போர் எந்த விலையில் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் போட நினைக்கும் தொகை முழுவதையும் விற்றால் விலை இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்கும் என்றால், அந்த நாணயம் உங்களுக்குப் பொருந்தாது. காட்டப்படும் 24 மணி நேர வர்த்தக அளவைப் போலியாக உயர்த்திக் காட்ட முடியும். ஆர்டர் புக்கை வெவ்வேறு நேரங்களில் பார்ப்பதே அதைவிட நம்பகமானது.

நிச்சய லாபம், ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற இரண்டில் ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டிய தேவையே இல்லை. ஒன்காயின் பொதுவில் சரிபார்க்கக்கூடிய பிளாக்செயினே இல்லாமல் உலகெங்கும் விற்கப்பட்டது. அதன் நிறுவனர் ருஜா இக்னதோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். அதிக வருமானம் தருவதாகச் சொன்ன பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் தன் கடன் திட்டத்தை மூடியதும், அதன் நாணயம் 90 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பிழந்தது.

இத்தனையையும் தாண்டி நிற்பவை மிகச் சிலவே இருக்கும், அது நல்லதுதான். முதல் ஓராண்டுக்குப் பிட்காயின், எத்தீரியம் ஆகிய இரண்டோடு நின்றுகொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அவற்றின் வெளியீட்டு விதிகள் தெளிவானவை, விற்பதும் எளிது. ஆனால் அவையும் பாதுகாப்பான வைப்புநிதிகள் அல்ல. பிட்காயினே 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலரைத் தொட்டு, ஓராண்டுக்குள் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. எனவே முக்கால் பங்கு கரைந்தாலும் குடும்பத்தின் செலவுகள் தடைபடாத தொகையை மட்டுமே ஒதுக்குங்கள். கடன் வாங்கிப் போடவே கூடாது.

வாங்கும் முன், ஒரு தாளில் அந்த நாணயத்தின் புழக்க எண்ணிக்கை, அடுத்த 12 மாதங்களில் விடுவிக்கப்படும் அளவு, பெரிய வாலட்டுகளின் பங்கு, அதை வாங்கியே ஆக வேண்டியவர் யார் என்பதற்கான ஒற்றை வரிப் பதில் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுங்கள். எந்த நிலை வந்தால் விற்பீர்கள் என்பதையும் அதன் கீழேயே குறிப்பிடுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதே எண்களை மீண்டும் எடுத்துப் பழையவற்றுக்கு அருகில் எழுதி ஒப்பிடுங்கள். விலை ஏறியிருந்தாலும், எழுதிவைத்த காரணம் பொய்த்துப்போயிருந்தால் விற்றுவிடுங்கள்.