மீண்டும் டென்னிஸ்: ராக்கெட்டின் எடையில் நான் செய்த தவறு

பல ஆண்டுகள் கழித்து மீண்டும் டென்னிஸ் ஆடத் தொடங்கியபோது, அலமாரியில் கிடந்த 340 கிராம் ராக்கெட்டையே எடுத்துச் சென்றேன். அரை மணி நேரத்தில் தோள் கனத்து, பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்க அடியில்) பந்தைத் தாமதமாகவே சந்தித்தேன். உடனே 255 கிராம் ராக்கெட் ஒன்றை வாங்கியது என் அவசரம்தான். வீசுவதற்கு எளிதாக இருந்தாலும், வேகமான பந்து விளிம்போரம் பட்டதும் ராக்கெட் கைக்குள்ளேயே திருகிக்கொண்டது. அதிர்வு முழங்கை வரை ஏறியது. எடை குறையக் குறைய மோதலைத் தாங்கும் திறனும் குறைகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இறுதியில், 285 கிராம் எடையும் பந்தை அடிக்கும் தலைப்பகுதி 100 சதுர அங்குலமும் கொண்டு, கைப்பிடிப் பக்கம் சற்றே கனம் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்பகுதியில் பின்னும் நரம்பில் விறைப்பான பாலியெஸ்டரைத் தவிர்த்து, நரம்பை இழுத்துக் கட்டும் விசையையும் 56 பவுண்டிலிருந்து 51 பவுண்டாகக் குறைத்தேன். இப்போது ஒரு மணி நேரம் ஆடினாலும் முழங்கை வலிப்பதில்லை. சர்வீஸ் மட்டும் இன்னும் வலையில்தான் விழுகிறது.