வெங்காய வேரில் நிறமூர்த்தம் எண்ண: கொல்சிசின் அளவோடு

நிறமூர்த்தங்கள் (கலத்தின் கருவில் பரம்பரைத் தகவலைத் தாங்கும் இழைகள்) ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியாகக் கிடந்தால் எண்ண முடியாது. அதற்குத்தான் கொல்சிசின் என்ற தாவர நஞ்சு. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்களை ஆக்கும் தியூபுலின் புரதத்தை அது பிடித்துக்கொள்ள, கதிர் உருவாகாது. கலம் பிரிவின் நடுக்கட்டமான அனுவவத்தையிலேயே நின்றுவிடும். நிறமூர்த்தங்கள் சுருங்கிக் கலமெங்கும் பரவும்.

வேர் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் காலையில் 0.05 வீதக் கொல்சிசின் கரைசலில் 2 முதல் 4 மணித்தியாலம் விடுங்கள். சுண்ணாம்பு கூடிய கிணற்று நீர் வேண்டாம், வடித்த நீரே நல்லது. வன்னி வெயிலில் மத்தியான அறை கொதிக்கும். போத்தலை மண்பானைத் தண்ணீருக்குள் நிழலில் வையுங்கள். பிறகு எதனோல் 3 பங்கு, அசற்றிக்கமிலம் 1 பங்கு சேர்த்த கலவையில் ஒரு நாள். 60 பாகையில் 1 நோர்மல் ஐதரோகுளோரிக்கமிலத்தில் 5 முதல் 8 நிமிடம் வைத்துக் கழுவி, அசற்றோகாமைன் சாயமிட்டு நசியுங்கள். நுணுக்குக்காட்டியில் 16 நிறமூர்த்தம் தெரியவேண்டும்.

நேரம் கூடினால்தான் வினை. நிறமூர்த்தம் குட்டையாகத் தடித்து, அதன் இரு பாதிகளும் ஒட்டியிருக்கும் இடமான மையப்பாத்து எங்கே என்று பிடிபடாது. இன்னும் விட்டால் இரு பாதிகளும் பிரிந்தும் கலம் பிரியாமல் ஒரே கருவாகிவிடும். அடுத்த சுற்றில் 32 எண்ணுவீர்கள்.

கொல்சிசின் கடும் நஞ்சு, கையுறை கட்டாயம். நம் வேலியோரக் கார்த்திகைப் பூக் கிழங்கிலும் இருப்பது இதுதான். அதை இடித்துச் சாறெடுக்கப் போகாதீர்கள், செறிவும் தெரியாது, ஆபத்தும் கூட. மருந்து கிடைக்காவிட்டால் ஐஸ் தண்ணீரில் 24 மணித்தியாலம் வைத்தாலும் கதிர் குலையும்.