புதிய ஓவியங்களைக் காட்டுவதும் கற்ற கடனைச் சொல்வதும்

கடந்த ஒன்றரை ஆண்டில் நான் வரைந்த 31 பனை ஓவியங்களில் 11 ஓவியங்களை மட்டும், சென்ற மார்கழியில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில் மூன்று நாள்கள் ஊராரின் பார்வைக்கு வைத்தேன். கூடம் வாடகைக்கு எடுக்க வசதியில்லாமல், தாம் அண்மையில் வரைந்தவற்றைத் தம் ஊரிலேயே காட்ட விரும்பும் ஓவியர்களுக்கு உதவும் என்று நம்பி, அப்போது செய்தவற்றையும் தவறிப்போய்த் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எல்லா ஓவியங்களையும் பகல் வெளிச்சம் படும் ஓர் அறையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்க்கையில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஓவியங்கள் தாமாகவே தெரியும்; அவற்றில் பின்னர் வரைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். அதிக நாள் பாடுபட்டு வரைந்தது என்பதற்காக ஓர் ஓவியத்தைச் சேர்க்காதீர்கள், ஏனெனில் பார்ப்பவருக்கு அந்தப் பாடு தெரியாது.

அடுத்தது, நாம் யாரிடமிருந்து கற்றோம் என்பதைச் சொல்வது. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். நவீன ஓவியர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, இவர்களெல்லாம் எனக்குப் பிடித்தவர்கள் என்று சுவரில் ஒட்டினால், அதிலிருந்து பார்வையாளர் எதையும் பெற மாட்டார். எந்த ஓவியத்தின் முன் நின்றபோது எதைக் கண்டுகொண்டீர்கள், அது உங்கள் தாளில் எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரைந்தார். மலையாள எழுத்தைப் போன்ற வரிகள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள் ஆகியவை நிறைந்த அந்த ஓவியங்களை அந்தக் கிராமம் இருக்கும் ஈஞ்சம்பாக்கத்தில் முதன்முதலாக நேரில் பார்த்தபோது, தமிழும் மலையாளமும் ஒரே பலகையில் எழுதப்படும் எங்கள் எல்லைப்புற ஊரைச் சேர்ந்த எனக்கு, அவை வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பொருள்களைப் போல நெருக்கமாக இருந்தன. ஊர் திரும்பியதும் பனையோலைகளுக்கு நடுவே பழைய நிலப் பத்திரத்தின் தமிழ் வரிகளை எழுதத் தொடங்கினேன். எட்டு மாதங்கள் அப்படியே கழிந்தன. பார்த்தவர்கள் அனைவரும் ஓவியத்தின் அருகே குனிந்து வரிகளைப் படித்தார்கள். படித்து முடித்ததும் நகர்ந்துவிட்டார்கள். பணிக்கரின் எழுத்துகள் படிக்க இடம் தருவதில்லை, அதனால்தான் நம் கண் அவற்றின் மேல் நிற்காமல் ஓவியம் முழுவதும் உலவுகிறது என்பது அதன் பிறகே எனக்கு விளங்கியது. எழுத்துகளை முற்றிலும் நீக்கிவிட்டு, அடிமரத்தில் மட்டை உதிர்ந்த தழும்புகளை மட்டும் எழுத்து வரிசை போல நெருக்கமாக இட்டேன். அந்த வரிசையின் முதல் ஓவியத்துக்கு நான் வைத்த விவரச் சீட்டு இது:

“பனை 7. 2024. தாளில் கறுப்பு மையும் அக்ரிலிக்கும். 56 × 38 செ.மீ. தழும்புகளை வரிசையாக இடும் முறையை, பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவியங்களில் எழுத்து செல்லும் விதத்தைப் பார்த்துக் கற்றேன்.”

தலைப்பு, ஆண்டு, ஊடகம், முதலில் உயரமும் அடுத்து அகலமுமாக அளவு, கற்றதைச் சொல்லும் ஒரே வாக்கியம் ஆகியவை போதும். எங்கள் பக்கத்தில் சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் வைப்பது மரியாதை. மலையாளத்தை நாள்தோறும் எழுதும் ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

கோட்டைக் கற்க விரும்புகிறவர்கள், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி கே. எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தொட்டுப்பேனாவால் பார்த்து வரைந்து பழகலாம். கோடுகள் எங்கே குறுக்கிட்டு நிழலாகின்றன, வெறும் தாள் எங்கே ஒளியாகிறது என்பதைக் கை அப்போதுதான் அறியும். அத்தகைய பயிற்சிப் படியின் பின்புறம் “ஆதிமூலத்தைப் பார்த்து வரைந்தது” என்று எழுதிவிடுங்கள். அதை விற்பதும், தம் ஓவியமாகக் கையொப்பமிட்டுக் காட்டுவதும் கூடாது. ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், 1977இல் மறைந்த பணிக்கரின் படைப்புகளுக்கு அது 2037 முடியும்வரை உண்டு. ஆகவே அவருடைய ஓவியத்தை அனுமதியின்றி உங்கள் அழைப்பிதழில் அச்சிடாமல், எங்கே நேரில் பார்க்கலாம் என்று குறிப்பிடுங்கள். பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தை வரைவதற்குச் சட்டத்தில் தடையில்லை; எனவே மலம்புழை அணைப் பூங்காவில் 1969 முதல் அமர்ந்திருக்கும் கானாயி குஞ்ஞிராமனின் யட்சியின் எதிரே, ஒரு முழுக் காலையும் வரைபுத்தகத்துடன் உட்காரலாம்.

படமெடுக்கும்போது நேர்வெயிலையும் ஃபிளாஷையும் தவிர்த்து, காலை பத்து மணியளவில் திறந்த நிழலில் ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கைப்பேசியை ஓவியத்தின் நடுமையத்துக்கு நேராகப் பிடித்து, சற்றுப் பின்னே நகர்ந்து இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் ஓரங்கள் வளையா. ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டால் நிறம் மாறியிருப்பதைப் பின்னர் கண்டுபிடிக்கலாம்.

மாட்டும்போது ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றில், ஒற்றை ஆணியில் தொங்கிய என் ஓவியம் ஒன்று முதல் நாளே விழுந்து சட்டம் பிளந்தது. அன்றிரவே எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஆணிகள் அடித்தேன். மழைக்காலத்தில் காட்டுவதானால், ஈரச்சுவரைத் தொடாதபடி சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள், இல்லையெனில் தாளில் பூஞ்சை ஏறிவிடும்.

காட்சி நாள்களில் விளக்கம் சொல்ல முந்தாமல், கையில் ஒரு குறிப்பேட்டுடன் ஓரமாக நில்லுங்கள். இரண்டாம் நாள் மாலை, சிற்றூர்ப் பக்கத்தில் மரமேறும் பெரியவர் ஒருவர் பனை 7இன் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, “இது ஆண்பனையா, பொண்பனையா, கண்ணு?” என்று கேட்டார். பாளையையோ காயையோ நான் வரைந்திருக்கவில்லை. அதனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே குறித்துக்கொண்டு, தை பிறந்ததும் அவருடன் தோட்டத்துக்குப் போய், ஆண்பனையின் பாளைகள் விரல்களைப் போலத் தொங்குவதை அடிமரத்தருகே நின்று வரைந்தேன். பனை 32 அங்கிருந்துதான் தொடங்கியது.