பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். மறுநாள் ஊர் திரும்பும் முன் அரண்மனையைப் பார்த்துவிடலாம் என்று தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே போனால் அரண்மனை வாசல் சாத்திக் கிடக்கிறது. "திங்கக்கிழமை லீவுல்லா" என்றார் எதிரே இருந்த கடைக்காரர். ஆட்டோக்காரர் மட்டும் வண்டியைத் திருப்பாமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மண் இங்கே வந்தது, திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய வீடு மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. அதனால் நம் ஊர் வழக்கத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. திங்கள் விடுமுறை. மதியம் 1 மணி முதல் 2 மணி வரை சாப்பாட்டு இடைவேளை. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும். காலை 9 மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடுவதுதான் உத்தமம். கார்த்திகை, மார்கழியில் போவதானால் சபரிமலைக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி இங்கேயும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது எல்லோரும் செய்வது. சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பு அருவி, சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் என்று ஒரே நாளில் வேனை ஓட்டுகிறார்கள். அதில் அரண்மனைக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். உள்ளே பாதை ஏறக்குறைய ஒருவழிப் பாதை மாதிரி. ஓர் அறையை விட்டுவிட்டால் பின்னால் வரும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவது கஷ்டம். இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் அருவியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மைசூர் அரண்மனையை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "என்னங்க, ஓட்டு வீடு மாதிரி இருக்கு?" என்று என் காதுபடவே ஒருவர் கேட்டார். ஓட்டு வீடுதான். தேக்கும் பலாவும் கருங்கல்லும் ஓடும் சேர்ந்த வீடு. மைசூரில் இன்று நாம் பார்ப்பது 1912-இல் கட்டி முடித்தது. இங்கே இருப்பதிலேயே பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை) 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றவற்றில் பெரும்பகுதி 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவானது. அவர் 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சுவாமியின் தாசனாக இருந்து ஆண்டவர். அந்தப் பணிவு கட்டடத்திலும் தெரிகிறது. பல வாசல்களில் தலையைக் குனிந்துதான் நுழைய முடியும். குனியாமல் போய் நெற்றியில் வாங்கிக்கொள்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பூமுகத்தில் அவசரப்படாதீர்கள். டிக்கெட்டைக் காட்டியதும் முதலில் வரும் முகப்பு மண்டபம் அதுதான். மாடிக்கு ஏறும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் மேலே பார்ப்பதே இல்லை. மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கூடவே ஒரு தூக்கு விளக்கு தொங்குகிறது. குதிரை மேல் வீரன் உட்கார்ந்திருக்கும் பித்தளை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். சீன வியாபாரிகள் கொடுத்த நாற்காலியும் அங்கேதான். அங்கே பத்து நிமிஷம் நின்றால்தான் என்ன?

அதற்கு மேலே மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை செய்த இடம். படிக்கட்டு செங்குத்தானது, குழந்தைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அப்பிரக (மைக்கா) தகடுகள். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கலான வெளிச்சமும் காற்றும்தான். நின்றதும் பாதத்தில் ஏறுகிற குளிர்ச்சியில்தான் பலரும் தரையைக் குனிந்து பார்க்கிறார்கள். கறுத்து, எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி மின்னுகிறது. சன்னல் கம்பிகளின் நிழல் அதில் தலைகீழாகத் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் கலந்து போட்ட தரை என்கிறார்கள்.

அந்தக் குளிர்ச்சி வெறுங்காலுக்குத்தான் தெரியும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதால் கயிறு கட்டுகிற ஷூ வேண்டாம். சாக்ஸோடு நடக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், தரை வழுக்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு முற்றம் வழியாகப் போகும்போது மதிய வெயிலில் கல் பொசுக்கிவிடும். சீக்கிரம் வரச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊட்டுபுரையை வெறும் நீளமான கூடம் என்று தாண்டிப் போகிறார்கள். கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று இரண்டாயிரம் பேர் இலை போட்டுச் சாப்பிட்ட இடம் அது. ஊறுகாய் போட்டு வைத்த சீன பரணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பையனை ஒளித்துவைக்கலாம்.

ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பணியாளர் நின்று தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் சொல்வார். காசு கேட்பார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது அவர்களுடைய வேலை, நின்று கேளுங்கள். தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண் எது என்று அவர்கள் காட்டாவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சொல்வதையெல்லாம் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். படையில் சேர வந்தவன் முற்றத்துக் கல்லை 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பார்கள். இங்கிருந்து இன்னொரு கொட்டாரத்துக்குச் சுரங்கப் பாதை போகிறது என்பார்கள். கதை கேட்கிற சுகத்துக்குக் கேட்கலாம், தப்பில்லை.

உப்பரிகை மாளிகையில் பணியாளர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மன்னரின் மூலிகைக் கட்டிலை, 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படுவதை, பார்க்க விடுவார்கள். உச்சித் தளத்துக்கு விடமாட்டார்கள். அது பத்மநாப சுவாமிக்கு என்று ஒதுக்கிய இடம். சுவர் முழுக்கப் பழைய மூலிகை வண்ண ஓவியங்கள் இருப்பதால் கூட்டத்தின் மூச்சும் வியர்வையும் அங்கே ஆகாது. "ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறோம்" என்று அங்கே தினமும் பலர் கேட்கிறார்கள். அப்புறம், ஒரு மலையாளப் பேய்ப் படத்தின் சில காட்சிகளை இங்கே எடுத்தார்கள் என்பதற்காக "அந்த ரூம் எது?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கொண்டே போவது. அந்தப் பணியாளர்களின் முகத்தை ஒருமுறை பாருங்கள், கேட்க மனசு வராது.

நவராத்திரி சமயத்தில் போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் இங்குள்ள சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஆண்டுதோறும் இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் போவார்கள். மன்னரின் உடைவாளை உப்பரிகை மாளிகையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்யும். ஊர்வலம் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. அரண்மனையை நிதானமாகப் பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது கடைசித் தவறு. நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து அங்கேயே வாழ்ந்து 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் கூரை இல்லாத ஒரு தேவாலயத்தில் அவருடைய கல்லறை. எழுத்துக்கள் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கின்றன. தமிழைப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.